ஆடியில் விதைக்காத காடு

செல்வராணி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு என்னிடம் வேலை பழகியவள்; இப்போது அவளே பெரிய அதிகாரி. வானிலைத் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைக்கிறாளாம். அட்லாண்டிக் கடலின் பெரிய நீரோட்டம் நின்றுபோனால் உலகத்து மழை என்னவாகும் என்று ஒரு பேராசிரியர் பேசுகிறாராம். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்து என் அனுபவத்தைச் சொல்லி, மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்வது எவ்வளவு முக்கியம் என்று நாலு நல்ல வார்த்தை பேச வேண்டுமாம். முட்டி வலி, வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். முட்டி வலி உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. நாலு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. இருப்பதை எழுதித் தருகிறேன், கூட்டத்தில் படிப்பதும் கிழித்துப் போடுவதும் அவள் பாடு.

என் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அக்கா பாண்டியம்மாளுக்குக் கல்யாணம் ஆனபிறகு அப்பாவும் மச்சான் முனியாண்டியும் சேர்ந்து, சமயநல்லூருக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேட்டில் ஒரு துண்டுப் புஞ்சை வாங்கினார்கள். புஞ்சையை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆட்கள் அவர்கள். பத்திரம் முடிந்த அன்று அப்பா போய் வரப்பில் உட்கார்ந்தவர், அக்கா போய்க் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. அதிக காலம் அவர் இருக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் காடும் ஒரு ஜோடி மாடும்தான் அக்கா குடும்பத்துக்கு எல்லாம். அது எப்படிக் கையை விட்டுப் போயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு வானிலைப் பார்வையாளர் வேலை கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே ஒரு ஊரில் குளிரில் நடுங்கிக்கொண்டு மேகங்களின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தேன், சப்பாத்தி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மதுரைக்கு வந்து லூர்து சாரிடம் மாட்டியபிறகுதான் வேலை என்றால் என்னவென்று தெரிந்தது.

லூர்து சார் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஆள். அப்பா கட்டுமரக்காரர். சார் படித்துப் பட்டம் வாங்கி, கடல் ஆராய்ச்சிக் கப்பலில் சில காலம் இருந்துவிட்டு, என்ன காரணத்தாலோ கடலே இல்லாத எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. பியூன் முதல் டைரக்டர் வரை எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். என்னை யாரும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. முதல் வாரம் அவர் 'வாங்க' என்றபோது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மரியாதை அப்படி. வேலையில் மனுஷன் உயிரை எடுத்துவிடுவார். திடலின் நடுவே வெள்ளையடித்த மரப்பெட்டி நிற்கும், காற்றோட்டமான பலகைகளோடு, கதவு வடக்குப் பார்த்தபடி. உள்ளே வெப்பமானிகள். கதவைத் திறந்ததும் முதலில் தசமத்தைப் படிக்க வேண்டும், பிறகுதான் முழு எண். ஏன் என்றால் நம்முடைய மூச்சும் உடம்புச் சூடும் பட்டுத் தசமம்தான் முதலில் நகரும். நான் ஒருநாள் மாற்றிப் படித்துவிட்டேன். கதவை மூடச் சொல்லி, என்னைத் தள்ளி நிற்கவைத்து, பெட்டி ஆறியபிறகு மறுபடி படிக்கச் சொன்னார். திட்டவில்லை. வெயிலில் அவரும் கூடவே நின்றார். அதுதான் பெரிய தண்டனை.

மழைமானி விஷயத்தில் இன்னும் மோசம். காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிதான் கணக்கு. மழையே இல்லாத மாசியிலும் பங்குனியிலும் இதைச் செய்தாக வேண்டும். வானம் வெளுத்துக் கிடக்கிறது, தரை வெடித்துக் கிடக்கிறது, இருந்தாலும் புனலைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதலாம். "மழை பெய்யலைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மானி சொல்லட்டும்" என்பார். உள்ளே எறும்பும் சிலந்தியும்தான் இருக்கும்.

அவருடைய மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய உலகப்படம் தொங்கியது. மற்ற ஆபீஸ்களில் தேசப்படம் தொங்கும், இவரிடம் பாதிக்குமேல் கடல். வெளியூர் நண்பர்கள் தபாலில் அனுப்பும் அறிக்கைகளைப் படித்துவிட்டுப் பென்சிலால் அதில் ஏதேதோ கோடு போடுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதம், அந்தப் படத்தின் முன்னால் அவர் நிறைய நேரம் நிற்பதைப் பார்த்தேன். என்ன சார் என்று கேட்டதற்கு, சரியில்லைய்யா, கடல் சரியில்லை என்றார்.

அவர் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பசிபிக் கடலில் எப்போதும் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அது மேல்மட்டத்துச் சுடுதண்ணீரை இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய இடத்தில், தென் அமெரிக்கக் கரையோரம், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். சுடுதண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மேகம் கட்டும், மழை பெய்யும். நம்முடைய தென்மேற்குப் பருவமழைக்கும் அதில் பங்கு உண்டு. எப்போதாவது சில வருஷம் அந்தக் காற்று தளர்ந்துவிடும். அப்போது குவிந்திருந்த சுடுதண்ணீர் வந்த வழியே கிழக்கே திரும்பிப் போகும். நீரோட்டம் நின்று, குளிர்ந்த தண்ணீர் மேலே வராமல், அங்கே மீன் சாகும். மேகமும் சுடுதண்ணீரோடு போய்விடும். ஆஸ்திரேலியாவில் காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, அப்படி ஒன்று தொடங்கிவிட்டது என்று சாருக்குச் சந்தேகம். சந்தேகம்தான். அன்றைக்குக் கடலுக்குள் மிதவைகள் கிடையாது, வெப்பத்தை அளந்து சொல்ல இப்போதுபோல் வசதி கிடையாது. பெரிய பெரிய ஆட்களே அப்போது அதை நம்பவில்லை.

செல்வராணி சொல்லும் அட்லாண்டிக் நீரோட்டம் வேறு வகை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வடக்கே போகும், அங்கே குளிர்ந்து கனத்து அடியில் இறங்கும், இறங்கி ஆழத்தின் வழியாகத் தெற்கே திரும்பும். ஐரோப்பாவுக்குக் கொஞ்சம் கதகதப்பு அதனால்தான். இப்போது வடக்கே பனி உருகி நல்ல தண்ணீர் கடலில் கலக்கிறது. உப்புக் குறைந்தால் கனம் குறையும், கனம் குறைந்தால் இறங்காது, இறங்காவிட்டால் மொத்த ஓட்டமும் தளர்ந்து போகும். அப்படி ஆனால் ஐரோப்பா குளிரில் சுருளும், வெப்பநாடுகளின் மழைப்பட்டை தெற்கே நகரும், ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் பருவமழை மெலியும் என்கிறார்கள். எப்போது, எந்த அளவு, நிற்குமா நிற்காதா என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. நின்றால் எப்போது திரும்பும் என்று கேட்டேன். நம்ம ஆயுசுல இல்ல சார், நம்ம பேரப்பிள்ளைக ஆயுசுலயும் இல்ல என்றாள். பசிபிக்கில் நடந்தது வருஷம் ஒன்றில் சரியாகிப் போகிற கோளாறு. அதற்கே நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பதுதான் மிச்சக் கதை.

அந்த ஆனியில் மச்சான் சிம்மக்கல்லுக்குக் கலப்பைக்குக் கொழு வாங்க வந்தார். அக்கா கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்புத் தூக்குச்சட்டியோடு என் ஆபீசுக்கும் வந்தார். காற்றில் சுற்றும் கிண்ணங்களையும் வெள்ளைப் பெட்டியையும் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார். லூர்து சார் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். சார் உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சான் கூச்சத்தோடு கேட்டார்:

"இம்புட்டுச் சாமான் வச்சிருக்கீங்களே சார், இந்த ஆடிக்கு விதைக்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

எங்கள் வேலையில் இதற்கு ஒரே பதில்தான். நாங்கள் அளப்பவர்கள். வருவதைச் சொல்வது மெட்ராஸில் இருப்பவர்கள், அதுவும் ஓரிரு நாளைக்கு. பார்வையாளர் எவனும் வாயைத் திறந்து மழை வரும் வராது என்று வெளியாளிடம் சொல்லக் கூடாது. எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், எல்லாரிடமும் சார் சிரித்துக்கொண்டே ரேடியோ கேளுங்கள் என்றுதான் அனுப்பியிருக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. விதை எவ்வளவு கையில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு விதைப்புக்கு இருக்கிறது, அதற்குமேல் ஒரு குத்துக்கூட இல்லை என்றார் மச்சான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன் என்றார் சார்.

பஸ்ஸில் போகும்போது எனக்குப் பயம். மேலே தெரிந்தால் அவர் வேலைக்கே கேடு. நான் சொன்னதும், "இது ஆபீஸ் சொல்லலைய்யா, லூர்து சொல்லுதேன். தப்பாப் போனா லூர்தை ஏசட்டும்" என்றார். சமயநல்லூரில் இறங்கி நடந்தோம். டீக்கடைப் பெஞ்சில் ஊரின் பெரிய சம்சாரிகள், நிலபுலன் உள்ள விவசாயிகள், உட்கார்ந்திருந்தார்கள். சார் அவர்களிடம் பேசினார். ஒரு வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் கடலைக் கீறினார், காற்றைக் கீறினார், சுடுதண்ணீர் போன வழியைக் கீறினார். ஆவணியும் புரட்டாசியும் ஏமாற்றிவிடும் என்று பயப்படுகிறேன், ஆடியில் ஒரு மழை வந்தாலும் அதை நம்பி விதையைக் கொட்டிவிடாதீர்கள், ஐப்பசிக்கு வையுங்கள், இப்படிப்பட்ட வருஷங்களில் ஐப்பசி பெரும்பாலும் கைவிட்டதில்லை என்றார். உறுதியாகச் சொல்லமுடியாது என்பதையும் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். அதுதான் அவர் குணம்.

சோலைமலை என்று ஒரு பெரிய சம்சாரி. என் அப்பா கடைசிவரை கூலிக்கு நின்றது அவர் காட்டில்தான். நல்ல மனுஷன், கேலிக்காரர். நான் இன்னும் ராமேஸ்வரத்துக் கடலையே பார்த்ததில்லை, நீங்கள் அமெரிக்காக் கடலைக் காட்டுகிறீர்களே என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். பிறகு சோலைமலை சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சார். ஈரத்தைப் பாத்தும் விதைக்காம கையக் கட்டிக்கிட்டு உக்கார எங்களுக்குத் தெரியாது."

சார் வேப்பங்குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். எங்கள் தெருவுக்கு வந்து, அக்கா வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் அந்த நாளில் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. அவர் போனபிறகு மச்சான் ஒரே முடிவாக இருந்தார். "நம்ம வீடு தேடி வந்து, நம்மள மதிச்சுச் சொல்லிட்டுப் போறாரு. பொய் சொல்ல அவருக்கு என்ன கெடக்கு? நான் ஐப்பசிக்கு வைக்கிறேன் மாப்ள" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி பாதியில் மழை வந்தது. சாதாரண மழை இல்லை, சும்மா ஊற்றித் தள்ளிவிட்டது. மறுநாள் காலை புனலைக் கழற்றினால் உள்ளே இருந்த பாத்திரம் நிறைந்து வெளிக்கலத்திலும் தண்ணீர். குவளை குவளையாக ஊற்றி அளந்தேன். சார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குவளையையும் தானும் குனிந்து பார்த்தார். வழக்கம்போல எழுதினோம். எழுதி முடித்துவிட்டு, உங்கள் மச்சான் என்ன செய்வார் என்று கேட்டார். அந்த ஞாயிறு ஊருக்குப் போனேன். ஊரே காட்டில் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஏர், பெண்கள் மடியில் விதை, சிரிப்பும் சத்தமுமாக. நடுவில் ஒரே ஒரு துண்டு நிலம் மட்டும் வெறுமனே கிடந்தது, அது எங்களுடையது.

அக்கா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைத் தள்ளினாள், போய்விட்டாள். பிறகு வாசலில் நின்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள், காடு வாங்கத் தெரிந்தவனுக்கு விதைக்கத் தெரியவில்லை என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். இத்தனை தலைமுறை அடுத்தவன் காட்டில் முதல் ஆளாக இறங்கி விதைத்தோம், சொந்தக் காட்டில் மட்டும் வேடிக்கை பார்க்கிறோம் என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு கயிறு திரித்தார். அவருக்கும் ஆசைதான். ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சம்சாரிக்குச் செத்துப் பிழைக்கிற வேலை. ஆனால் வாக்குக் கொடுத்த மனுஷன் மாதிரி இருந்தார். சாருக்கு அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சோளம் எல்லாக் காட்டிலும் முளைத்தது, முழங்கால் உயரம் வந்தது. அதற்குப் பிறகு மழை இல்லை. ஆவணி முழுக்க இல்லை. தினமும் எட்டரைக்குப் புனலைக் கழற்றினேன், தினமும் 'இல்லை' என்று எழுதினேன். புரட்டாசியிலும் அதே. சார் சொன்னது அப்படியே நடந்தது. அவர் முகத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. ஒருநாள் வெறும் மழைமானியைக் கையில் வைத்துக்கொண்டு, இது பொய்யாப் போகணும்னுதான்யா நினைச்சேன் என்றார்.

ஊரில் எல்லார் சோளமும் கருகியது. ஆனால் கருகியதும் வீணில்லை என்பது எனக்கோ சாருக்கோ தோன்றாத விஷயம். வாடிய இளஞ்சோளத்தைப் பச்சையாக மாடு தின்றால் விஷம் ஏறிச் செத்துப்போகும். அதனால் அறுத்து, நன்றாகக் காயவைத்து, குவித்து அடுக்கிப் படப்பு போட்டுவிட்டார்கள். தானியம் இல்லை, ஆனால் மாட்டுக்குப் போடச் சோளத்தட்டை இருந்தது. மனுஷன் ரேஷன் அரிசியில் ஓட்டினாலும் மாடு பிழைத்துக் கிடக்கும் அளவுக்குத் தட்டை இருந்தது. விதைத்தவன் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் ஒரு சின்னப் படப்பாவது நின்றது. மச்சான் வீட்டில் பானையில் விதைச்சோளம் பத்திரமாக இருந்தது. மாட்டுக்குப் போட ஒரு கைப்பிடி கூட இல்லை.

கேட்டால் சோலைமலை கொடுத்திருப்பார். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பஞ்சத்தில் ஒருவர் படப்பிலிருந்து தட்டை வாங்கினால், மறு வெள்ளாமைக்கு அவர் காட்டில் போய் நிற்க வேண்டும், கூலி பேசாமல். அதிலிருந்து வெளியே வரத்தானே அப்பா அந்தக் காட்டை வாங்கினார்? மச்சான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கச் சொல்லவில்லை. வேலியோரத்துக் கோரையை அறுத்தார்கள், வேப்பங்குழை ஒடித்தார்கள், கூரையில் வேய்ந்திருந்த பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார்கள். மாடுகளின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. மச்சான் அன்றைக்கே விதைத்தார். மற்றவர்களிடம் விதை இல்லை, ஆடியிலேயே கொட்டித் தீர்த்திருந்தார்கள். ஊர்க்காடு பூராவும் காய்ந்து கிடக்க, மச்சான் காடு மட்டும் முளைத்துப் பச்சையாக நின்றது. அந்த ஒரு வாரம் அக்கா என்னோடு பேசினாள். உங்க சாரு நல்லாருக்கணும்டா என்றாள்.

எல்லாரும் சேர்ந்து விதைத்தால் பறவையும் ஆடும் எல்லார் காட்டிலும் பிரிந்து மேயும். ஒற்றைக் காடு பச்சையாக இருந்தால் ஊரிலுள்ள அத்தனை வாயும் அங்கேதான். மைனா, காக்கா, மயில், பட்டினியில் வேலியை மீறும் ஆடுகள். அக்காவும் மச்சானும் தகரத்தைத் தட்டிக்கொண்டு பகல் முழுவதும் காட்டிலேயே நின்றார்கள். தின்றது போக மிச்சம் இருந்ததற்கும் மழை வரவில்லை. ஐப்பசி கைவிடாது என்று சார் சொன்னாரே, அதுவும் கைவிட்டது. புத்தகத்தில் இருப்பதற்கு நேர்மாறாக அந்த வருஷம் போயிற்று. கணுக்கால் உயரத்தில் கருகியதை அறுத்துப் படப்பு போட முடியாது. கார்த்திகையில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அங்கே உழவுக்கு வாங்க ஆள் இல்லை, இரண்டும் அறுப்புக்குப் போயின. மாடு இல்லாமல், விதை இல்லாமல், சாப்பாட்டுக்கு வழியில்லாமல், தை பிறக்குமுன் காட்டையும் விற்றுவிட்டு மதுரைக்கு வந்து செல்லூரில் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியேறினார்கள்.

ஊரில் வேறு யாரும் அந்த வருஷம் நிலத்தை விற்கவில்லை. எல்லாருக்கும் கஷ்டம்தான், எல்லாரும் தட்டுத்தடுமாறிப் பிழைத்தார்கள். நம்பியவன் ஒருத்தன், போனவன் அந்த ஒருத்தன். இதை எந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று நான் சொல்ல?

சாரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் திங்கட்கிழமைதோறும் கேட்பார், நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், சொல்லிவிட்டேன். தட்டை விஷயத்தையும் சொன்னேன். மாட்டுத் தீனியை நான் யோசிக்கவே இல்லையே என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். ஆவணி தெரிந்தது, புரட்டாசி தெரிந்தது, பெரு நாட்டுக் கரையில் மீன் சாவது வரை தெரிந்தது, ஒரு ஜோடி மாடு தெரியவில்லை என்றார்.

பொங்கல் கழிந்து அவரைச் செல்லூருக்குக் கூட்டிப்போனேன். மச்சான் ஒரு விசைத்தறிப் பட்டறையில் நூல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் உள்ளே பேச முடியாது, சந்துக்கு வந்தார். தலையிலும் மீசையிலும் பஞ்சு. சாரைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக்கொண்டு கும்பிட்டார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிக்கணும் என்றார். மச்சான் பதறிப்போனார். அதெல்லாம் பேசாதீங்க சார், ஆவணி, புரட்டாசி நீங்க சொன்னபடிதான் நடந்துச்சு, ஐப்பசி யார் கையில இருக்கு என்றார். டீ வாங்கி வரவா என்று கேட்டார். சார் வேண்டாம் என்றார். அப்புறம் மச்சான், கோபம் எதுவும் இல்லாமல், கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு சார். இனிமே உங்களுக்குத் தெரிஞ்சாலும் எங்க ஆளுக யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஊரோட சேந்து கெட்டா ஊரோட கிடந்து எந்திரிச்சிருப்போம். தனியாக் கெட்டுப்போனோம் சார், எந்திரிக்க முடியல."

சார் தலையை ஆட்டினார். சரி என்றார். சந்தைத் தாண்டி வந்தபிறகும் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடியும்வரை நான் ஒருவரிடமும் மழை வரும் வராது என்று சொன்னதில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல.

கடல் அடுத்த வருஷமே சரியாகிவிட்டது. சுடுதண்ணீர் அதன் இடத்துக்குப் போயிற்று, காற்று பழையபடி அடித்தது. அந்த ஐப்பசியில் மதுரையில் நல்ல மழை. ஒரு காலையில் சாரும் நானும் நனைந்துகொண்டே மழைமானியின் முன் குனிந்திருந்தோம். அளவைப் படித்தார், எழுதினேன். குவளையைக் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், உங்கள் மச்சான் காட்டில் இந்த வருஷம் விதைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"வெதைச்சிருக்காங்க சார். வாங்கினவங்க வெதைச்சிருக்காங்க. நல்லா வந்திருக்காம், அக்கா போய்ப் பாத்துட்டு வந்தா" என்றேன்.